சஹ்யாத்ரி மலையேற்ற வரலாற்றில் வழிப்பெயர்களும் சிகரப்பெயர்களும்

1. முன்னுரை

மலையேற்றத்தின் வரலாறு பெரும்பாலும் சிகரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. எந்தச் சிகரம், எந்த ஆண்டில், எவரால் முதன்முதலில் ஏறப்பட்டது என்பதே அவ்வரலாற்றின் அடிப்படை வினாவாக அமைகிறது. இமயத்தைப் பொறுத்தவரை இவ்வினா பெருமளவு பொருந்தும். மகாராஷ்டிர மாநிலத்தில் அரபிக் கடலுக்கு இணையாக வடக்குத் தெற்காக நீளும் சஹ்யாத்ரி மலைத்தொடருக்கு இது பொருந்துவதில்லை. மழைக்காலத்திலும் அதனையடுத்த குளிர்காலத்திலும் மும்பை, புணே, நாசிக் நகரங்களிலிருந்து திரளானோர் ஏறி இறங்கும் மலை இது. எனினும், அம்மாநிலத்தின் மிகவுயர்ந்த சிகரமான கல்சுபாயை (1646 மீட்டர்) முதலில் ஏறியவர் யார் என்ற வினாவுக்கே இங்கு இடமில்லை. அதன் உச்சியில் கல்சுபாய் என்னும் பெண் தெய்வத்தின் சிறு கோயில் உள்ளது. அடிவாரத்து மக்கள் வழிபாட்டிற்காக ஏறிவரும் மலை அது.

இத்தொடரில் மலையேற்றத்தைக் குறிக்கும் சொற்களையும் இடப்பெயர்களையும் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மக்கள் வழக்கிலுள்ள பெயர்த்தொகுதி சிகரங்களைவிட வழிகளையே மையமாகக் கொண்டது. எவ்விடத்தில் ஏறலாம், எவ்விடத்தில் இறங்கலாம், எவ்விடத்தில் தண்ணீர் கிடைக்கும், எவ்விடம் கடத்தற்கு அரியது என்னும் செய்திகளை அப்பெயர்கள் தாங்கி நிற்கின்றன. சிகரத்தை மையமாகக் கொண்ட சொல்லாட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நில அளவையோடும் இருபதாம் நூற்றாண்டின் மலையேற்றக் கழகங்களோடும் வலுப்பெற்றதாகும். ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும் எழுத்துகளில் பின்னது தங்கி, முன்னது மறைந்துவிடும் வாய்ப்பு மிகுதி. இவ்விழப்பு சொல்நயத்தின் இழப்பு மட்டுமன்று; மலையில் நடப்பவரின் பாதுகாப்பைச் சார்ந்த செய்தியின் இழப்புமாகும் என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முற்படுகிறது.

2. 'காட்' என்னும் சொல்லின் பயணம்

இம்மலைத்தொடரின் தென்பகுதியைத் தமிழர் நன்கறிவர். காவிரி பிறக்கும் மலையைச் 'சையம்' எனத் தமிழ் இலக்கியம் குறிக்கிறது. வடமொழியின் 'சஹ்ய' என்பதன் தமிழ் வடிவம் இது. புராணங்கள் கூறும் ஏழு குலமலைகளில் சஹ்யமும் மலயமும் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. 'மலய' என்பது திராவிட மொழிகளின் 'மலை' என்னும் சொல்லோடு தொடர்புடையது என்பதும் அறிஞர் பலர்க்கு உடன்பாடு. தபதி ஆற்றங்கரையின் தெற்கிலிருந்து கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் நீளும் முழுத் தொடருக்கும் ஒரே பெயரிட்டு வழங்கும் வழக்கம் பழைய நூல்களுடையதன்று. அப்பெயர் ஐரோப்பியரின் வழியாகப் பரவியது.

அவர்கள் அதற்குத் தேர்ந்த சொல் 'காட்'. இதன் முதலொலி ஒலிப்புடை மூச்சொலி என்பதைத் தமிழ் எழுத்து காட்டாது. மராத்தியில் இச்சொல்லுக்கு இரு முதன்மைப் பொருள்கள் உண்டு. ஒன்று, ஆற்றில் இறங்கும் படித்துறை. மற்றொன்று, மலையில் ஏறி இறங்கும் வழி. இரண்டிற்கும் பொதுவான பொருட்கூறு 'இறங்கு வழி' என்பதே. கொங்கணக் கடற்கரைக்கும் மேட்டு நிலமாகிய தேசத்திற்கும் இடையே பொதிமாடுகள் நடந்த வழிகள் ஒவ்வொன்றும் ஒரு 'காட்'. போர்காட், தள்காட், நாணேகாட் எனப் பல பெயர்கள் இவ்வாறு அமைந்தன.

மராத்தியிலேயே இச்சொல் ஆகுபெயராக விரிந்தது. 'காட்டாவர்' என்றால் 'காட்டின் மேல்'. அதாவது மேட்டு நிலப்பகுதி. 'காட்மாதா' என்பது வழி ஏறி முடியும் விளிம்புப் பகுதி. மேட்டு நிலத்தவரைக் 'காட்டீ' எனக் கடற்கரையோரும் மும்பை நகரத்தாரும் அழைத்தனர். அச்சொல் நாளடைவில் இழிவுக் குறிப்பையும் ஏற்றது. கன்னடக் கடற்கரையிலும் 'கட்டத்தின் மேல்', 'கட்டத்தின் கீழ்' என்னும் பொருளில் நிலப்பகுப்பு வழங்குகிறது. கப்பலில் வந்து கரையிறங்கிய ஐரோப்பியர், உள்நாட்டிற்குச் செல்லும் வழிகளைக் குறித்த சொல்லைப் பன்மையாக்கி மலைத்தொடருக்கே பெயராக்கிவிட்டனர். வழியின் பெயர் மலைக்கு ஏறிய இந்தப் பொருள் மாற்றத்தை 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியே சுட்டுகிறது.

தமிழில் இச்சொல் மூன்று வழிகளாகப் பிரிந்தமை நோக்கத்தக்கது. ஆற்றுப் பொருளில் 'படித்துறை' என்கிறோம். மலைத்தொடரின் பெயரை 'மேற்குத் தொடர்ச்சி மலை' என ஆக்கிக்கொண்டோம். இவ்வாக்கத்தில் 'தொடர்' வந்தது, 'வழி' விடுபட்டது. மூன்றாவதாக, உதகமண்டலம், திருப்பதி போன்ற இடங்களுக்கு ஏறும் சாலையைப் பேச்சுவழக்கில் 'காட் ரோடு' என்கிறோம். பொறியாளரின் ஆங்கிலம் வழியே வந்த இத்தொடரில்தான் மராத்திச் சொல்லின் மலைவழிப் பொருள் சிதையாமல் தமிழுக்கு வந்து சேர்ந்துள்ளது.

மலையாளத்தில் இதே பொருளுக்கு உரிய சொல் 'சுரம்' என்பது. தாமரசேரிச் சுரம் என்னும் பெயர் இதற்குச் சான்று. பழந்தமிழில் பாலையின் அருவழியைக் குறித்த சொல்லே இது. தமிழ் இலக்கிய வழக்கில் வெம்மைப் பொருள் மேலோங்க, மலையாளத்தில் கடத்தற்கரிய வழி என்னும் பொருள் மேலோங்கி மலைவழிக்குப் பெயராயிற்று எனக் கருதலாம்.

3. வழியே வரலாறாக அமைதல்: நாணேகாட்

வழிப்பெயர்களின் தொன்மைக்கு நாணேகாட் சிறந்த எடுத்துக்காட்டு. ஜுன்னர் நகரைக் கல்யாண், சோபாரா முதலிய கடற்கரை ஊர்களோடு இணைத்த பழைய வணிக வழி இது. 'நாணே' என்றால் காசு. சுங்கக் காசு இடப்பட்டது என மக்கள் கருதும் பெரிய கல் தொட்டி ஒன்று வழியின் தலைப்பில் இன்றும் உள்ளது. பாறையில் குடைந்த குகையொன்றில் சாதவாகன அரசி நாகனிகாவின் பிராகிருதக் கல்வெட்டு, பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. வேள்விகளையும் கொடைகளையும் எண்ணுருக்களோடு கூறும் இக்கல்வெட்டு, இந்திய எண் வடிவங்களின் வரலாற்றில் முதன்மையான சான்றுகளுள் ஒன்று. 1828இல் இம்மலைகளில் சுற்றிவந்த வில்லியம் ஹென்றி சைக்ஸ் என்னும் ஆங்கிலப் படை அலுவலர் இதனை அறிவுலகிற்குத் தெரிவித்தார். பின்னர்ப் பகவான்லால் இந்திராஜி (1839–1888) இதன் வாசகத்தையும் எண்களையும் ஆராய்ந்தார்.

அரசமரபு ஒன்று தன் புகழைச் சிகரத்தில் பொறிக்காமல் வழியின் வாயிலில் பொறித்தது என்பது கருதத்தக்கது. பொருளும் மக்களும் கடந்து சென்ற இடம் அதுவே. மலையின் மதிப்பு அதன் உயரத்தில் இல்லாமல் அது விட்டுத்தரும் இடைவெளியில் இருந்தது.

இவ்வடிப்படைக்கு நில அமைப்பும் காரணம். தக்காண எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய கருங்கல் நிலம் இது. கிழக்கே மெல்லச் சரியும் இந்நிலம் மேற்கே திடீரெனச் செங்குத்தாக விழுகிறது. புவியியலார் இப்பாறை அடுக்கை 'டிராப்' என்பர். ஸ்வீடிய மொழியில் படிக்கட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது வந்தது. புவியியலாரின் கலைச்சொல்லும் பொதிமாட்டுக்காரரின் வழக்குச் சொல்லும் 'படி' என்னும் ஒரே படிமத்தில் சந்திக்கின்றன.

4. கோட்டையும் கொடுமுடியும்

சஹ்யாத்ரியில் மலை ஏறுவது என்பது பெரும்பாலும் கோட்டை ஏறுவதே. 'கட்' என்னும் மராத்திச் சொல் மலையையும் அதன் மேலுள்ள அரணையும் ஒருங்கே குறிக்கும். ராஜ்கட், ராய்கட், ஹரிச்சந்திரகட், ரத்தன்கட் என்பன மலைப்பெயர்களா கோட்டைப் பெயர்களா என்று பிரித்துக் கேட்பது மராத்தியருக்குப் பொருளற்ற வினா. திருச்சிராப்பள்ளியில் 'மலைக்கோட்டை' என்னும் சொல் குன்றையும் அரணையும் சேர்த்துச் சுட்டுவதை நினைவிற்கொண்டால் தமிழருக்கு இது எளிதில் விளங்கும்.

பதினேழாம் நூற்றாண்டில் சிவாஜி இக்கோட்டைகள் பலவற்றிற்குப் புதுப்பெயரிட்டார். தோரணா 'பிரசண்டகட்' ஆனது. முரும்பதேவ் மலை 'ராஜ்கட்' ஆனது. 1674இல் முடிசூட்டு விழா நிகழ்ந்த ராயரி 'ராய்கட்' ஆனது. இப்பெயர் மாற்றம் தனி நிகழ்ச்சியன்று. ஆட்சித்துறையின் பாரசீக, அரபுச் சொற்களுக்கு வடசொற்களை அமைத்த 'ராஜவியவகாரகோசம்' இக்காலத்தது. அதில் கோட்டை தொடர்பான சொற்களுக்கெனத் 'துர்க்க வர்க்கம்' என்னும் தனிப்பிரிவே உண்டு. அந்நூல் எவர் பெயரால் வழங்குகிறதோ அந்த ரகுநாத பண்டிதர் 1677இல் சிவாஜியின் தென்னாட்டுப் படையெடுப்போடு தொடர்புடையவர். அப்படையெடுப்பில் மராட்டியர் வசமான செஞ்சியும், மகாராஷ்டிரத்தின் பதினொரு கோட்டைகளும் சேர்ந்து 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் 'மராட்டியப் படைத்துறை நிலக்காட்சிகள்' என்ற ஒரே பெயரின் கீழ் இடம்பெற்றன.

அரசு தந்த பெயர் எல்லா இடங்களிலும் வேரூன்றவில்லை. 'பிரசண்டகட்' என்பது ஏடுகளில் நிற்க, மக்கள் நாவில் தோரணா என்பதே நிலைத்தது. 'பாலேகில்லா' என்னும் உச்சி அரணின் பெயர், பாரசீகத்தின் 'பாலா' (மேல்) என்பதும் அரபின் 'கல்ஆ' (கோட்டை) என்பதும் கலந்து வந்தது. சொற்சீர்திருத்தம் நிகழ்ந்த காலத்தைக் கடந்து இன்றும் அது வழங்குகிறது. ஒரு சொல்லின் வாழ்வு அரசாணையைவிட அன்றாடப் புழக்கத்தையே பெரிதும் சார்ந்தது என்பதற்கு இவை தக்க சான்றுகள்.

பெயர்க் காரணக் கதைகளிலும் எச்சரிக்கை வேண்டும். கொண்டாணா கோட்டையை 1670இல் மீட்கும்போது உயிர்நீத்த தானாஜி மாலுசரேயைச் சிங்கம் எனப் போற்றிச் சிவாஜி அக்கோட்டைக்குச் 'சிங்ககட்' எனப் பெயரிட்டார் என்பது பரவலான கதை. ஆனால் 1670க்கு முற்பட்ட கடிதத்திலேயே அப்பெயர் காணப்படுகிறது. கதை பெயரைத் தோற்றுவிக்கவில்லை, பெயரே கதையை ஈர்த்துக்கொண்டது. வீரர்கள் உடும்பின் உடலில் கயிற்றைக் கட்டிப் பாறையில் ஏறினர் என்னும் செய்தியும் கதை வழிப்பட்டதே. 'உடும்புப் பிடி' என்னும் தமிழ் வழக்கை அறிந்தோர்க்கு இக்கதை எழுந்த மனநிலை புரியும். ராய்கட்டின் 'ஹிரகணி' கொத்தளமும் இத்தகையதே. கோட்டைக் கதவு அடைக்கப்பட்டபின், வீட்டில் விட்டுவந்த குழந்தைக்காகச் செங்குத்துப் பாறையில் இரவில் இறங்கிச் சென்ற பால்காரியின் பெயர் அது என்பர். இக்கதைகளின் மெய்ம்மை எவ்வாறாயினும், இரண்டும் வழியற்ற இடத்தில் வழி கண்டவரையே நினைவுகூர்கின்றன.

5. அளவைக் காலப் பெயர்கள்

1818இல் மராட்டிய அரசு வீழ்ந்தபின் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, மீண்டும் அரணாகப் பயன்படாதபடி பல கோட்டைகளின் பாறைப் படிகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கல்சுபாய்க்கு அருகிலுள்ள அலங், மதன் கோட்டைகளில் கயிறின்றி ஏற இயலாத நிலை இவ்வாறே உண்டாயிற்று என்பர். நாசிக்கை அடுத்த ஹரிஹர் கோட்டையின் செங்குத்தான படிகள் எஞ்சியதால் அங்கே பொதுமக்கள் இன்றும் ஏறுகின்றனர். ஒரு காலத்தில் படைவீரர் அன்றாடம் நடந்த வழி, பின்னர்ப் பாறையேற்றக் கலையின் பயிற்சிக்களமாக மாறியது.

இரண்டாவது மாற்றம் பெயரிடலில் நிகழ்ந்தது. கோடைக்கால இருப்பிடம் தேடிய ஆங்கில அலுவலர், காட்சி நோக்கும் முனைகளுக்குத் தம்மவர் பெயர்களை இட்டனர். மகாபலேஷ்வரில் எல்பின்ஸ்டன் முனை, வில்சன் முனை, ஆர்தர் இருக்கை என்பன தோன்றின. தாணே மாவட்ட ஆட்சியராயிருந்த ஹியூ மாலெட் 1850இல் மாதேரான் மலையில் ஏறினார். அதுவே அம்மலையின் 'கண்டுபிடிப்பு' என நூல்கள் கூறும். ஆனால் 'மாதேரான்' என்னும் பெயரே தலையில் காடுடைய மலை எனப் பொருள்படும் மராத்திச் சொல்லாக மக்கள் நாவில் இருந்தது. கண்டாளாவை அடுத்து நாகத்தின் படம் போல் எழும் பாறையை மக்கள் 'நாகபணி' என்றனர். ஆங்கிலேயர் வெலிங்டன் கோமகனின் மூக்கு எனக் கண்டு 'டியூக்ஸ் நோஸ்' என்றனர்.

இவ்விரு பெயரிடல்களுக்கும் இடையே நோக்குநிலை வேறுபாடு உண்டு. காட்சி முனைப் பெயர்கள் நின்று பார்ப்பவருடையவை. அவை இடத்தைப் பற்றி எதுவும் தெரிவிப்பதில்லை. வழிப்பெயர்கள் நடப்பவருடையவை, அவை இடத்தின் தன்மையைத் தெரிவிக்கின்றன.

நேர்மையான பதிவுகளும் அக்காலத்தில் இல்லாமலில்லை. மேற்குறித்த சைக்ஸ், ஹரிச்சந்திரகட்டின் 'கொங்கண் கடா' என்னும் மாபெரும் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நின்று, கீழே மூடுபனியில் தம் நிழலைச் சூழ்ந்து முழுவட்டமாகத் தோன்றிய வானவில்லைக் கண்டு 1835இல் வெளியிட்ட வானிலைக் கட்டுரையில் விவரித்தார். மோல்ஸ்வொர்த்தின் மராத்தி–ஆங்கில அகராதி (1831, இரண்டாம் பதிப்பு 1857) மலைச் சொற்கள் பலவற்றைப் பாதுகாத்துள்ளது.

6. விடுதலைக்குப் பின்

1953இல் எவரெஸ்ட் ஏறப்பட்டதும், 1954இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டதும் நாடெங்கும் ஆர்வத்தைத் தூண்டின. மும்பையில் 'கிரிவிஹார்' கழகம் 1954இல் தோன்றியது. கயிறு, ஆணி, முடிச்சு பற்றிய ஆங்கிலச் சொற்கள் இக்கழகங்கள் வழியே மராத்தியில் புகுந்தன. அதே காலத்தில் கோ. நீ. தாண்டேகர் (1916–1998) போன்ற எழுத்தாளர்கள் கோட்டை கோட்டையாக நடந்து எழுதிய நூல்கள் வழக்குச் சொற்களை அச்சேற்றின. ஹரிஷ் கபாடியாவின் ஆங்கில வழிகாட்டி நூலும் வழிகளைப் பெயர் சொல்லி வகைப்படுத்தியது. இதன் பயனாக நகரத்து இளைஞர் 'ட்ரெக்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கொண்டபோதும், மலையின் உறுப்புகளுக்கு ஊரார் சொற்களையே கையாளுகின்றனர். ஒரு மொழியின் வட்டாரக் கலைச்சொற்கள் கல்வி நிறுவனத்தின் துணையின்றிப் பொழுதுபோக்கு இயக்கமொன்றால் காக்கப்பட்டமை மொழியியலார் ஆழ்ந்து நோக்கத்தக்கது.

7. தமிழாக்கத்தில் எழும் சிக்கல்கள்

மழைக்கால மலையேற்றம் சஹ்யாத்ரியின் தனிச்சிறப்பு. மகாபலேஷ்வரில் ஆண்டு மழை 5000 மில்லிமீட்டருக்கும் மிகுதி. இச்சூழலில் வழிச்சொற்களின் வேறுபாடு உயிர்நாடியானது. பின்வரும் சொற்களைக் காண்க.

அ) காட்: மக்களும் மாடுகளும் நடந்து பதமான வழி. 'மலைவழி' எனலாம்.

ஆ) கிண்ட்: இரு மலைகளுக்கு இடைப்பட்ட குறுகிய இடைவெளி, 1660இல் பாஜி பிரபு தேஷ்பாண்டே போரிட்டு மடிந்த பாவன்கிண்ட் இதற்கு எடுத்துக்காட்டு. 'கணவாய்' என்பது இதற்கே முற்றப் பொருந்தும். காட், கிண்ட் இரண்டையும் கணவாய் என்றே பெயர்த்தால் வழியும் இடைவெளியும் ஒன்றாகிவிடும்.

இ) நாள், நளீ: மழைநீர் பாய்ந்து அறுத்த செங்குத்தான பிளவு, கோடையில் ஏறுவழியாகவும் பயன்படும். மழையில் நீரும் உருளும் கற்களும் இறங்கும் தடம் அதுவே. ஹரிச்சந்திரகட்டின் 'நளீச்சீ வாட்' புகழ்பெற்றது. 'குழாய் வழி' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருளே கெடும். 'வழி' என்று மட்டும் பெயர்த்தால் எச்சரிக்கை கெடும். 'பிளவோடை வழி' என்பது இரண்டையும் காக்கும். மராத்தி வடிவத்தை அப்படியே தமிழில் எழுதினாலோ 'நாள்' என்பது கிழமையைக் குறிக்கும் சொல்லோடு மயங்கும்.

ஈ) கடா: செங்குத்துப் பாறைமுகம். தமிழில் எழுதினால் ஆட்டுக்கடாவோ எருமைக்கடாவோ நினைவிற்கு வரும். 'ஓங்கல்' என்னும் பழஞ்சொல்லை மீட்கலாம். பொதுநடையில் 'செங்குத்துப் பாறை' போதும்.

உ) ஷிடீ: ஏணி. பீமாசங்கர் மலைக்குக் காண்டஸ் என்னும் அடிவார ஊரிலிருந்து இரு வழிகள் உள்ளன. 'கணேஷ் காட்' நீண்டது, எளியது. 'ஷிடீ காட்' குறுகியது, பாறையில் ஏணிகளைக் கொண்டது, மழையில் இடர் மிக்கது. பெயரையே எச்சரிக்கையாகக் கொண்ட வழி இது. 'ஷிடி கணவாய்' என ஒலிபெயர்ப்போடு நிறுத்தினால் தமிழ் படிப்பவருக்கு அவ்வெச்சரிக்கை சென்று சேராது. 'ஷிடீ காட் என்னும் ஏணி வழி' என்று ஒருமுறை விரித்தெழுதுதல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.

ஊ) டாகே: பாறையில் குடைந்த நீர்த்தொட்டி. 'தொட்டி' என்றாலே போதும்; ஆனால் 'குளம்', 'கிணறு' எனப் பெயர்த்தால் நீரைத் தேடுபவர் தவறான இடத்தில் தேட நேரும்.

ஒலிபெயர்ப்பிலும் சிக்கல் உண்டு. மராத்தி 'கட்' என்பதும் இந்தியில் வழங்கும் அதன் இணைச்சொல்லும் தமிழில் 'கட்', 'கர்' என இருவேறாக எழுதப்படுகின்றன. 'சத்தீஸ்கர்' என்பதில் இருப்பதும் 'ராய்கட்' என்பதில் இருப்பதும் ஒரே சொல் என்பது படிப்பவருக்குத் தோன்றாது. மகாராஷ்டிரத்தின் கோட்டையையும் சத்தீஸ்கரின் ஊரையும் பழைய ஆங்கில நூல்கள் ஒரே எழுத்துக்கூட்டலில் தந்துள்ளமையால், மூலத்தின் இடச்சூழலைக் கொண்டே தமிழ் வடிவத்தை முடிவு செய்தல் வேண்டும்.

8. முடிவுரை

சஹ்யாத்ரி மலையேற்ற வரலாறு, வெற்றிகொண்ட சிகரங்களின் பட்டியலன்று. சாதவாகனர் காலம் முதல் இன்றுவரை நடந்து நடந்து காக்கப்பட்ட வழிகளின் வரலாறு. அதன் சொற்களும் அவ்வாறே அமைந்தன. வழிப்பொருள் கொண்ட 'காட்' மலைத்தொடரின் பெயராகித் தமிழில் 'தொடர்ச்சி மலை' ஆனபோது மறைந்த பொருட்கூறு, ஒவ்வொரு வழிகாட்டி நூலின் தமிழாக்கத்திலும் மீண்டும் மறையும் வாய்ப்புள்ளது. இதனைத் தவிர்க்க மொழிபெயர்ப்பாளர் மூன்று நெறிகளைக் கொள்ளலாம். இடப்பெயரை ஆங்கில எழுத்துக்கூட்டலிலிருந்து கொள்ளாமல் மராத்தி வடிவத்திலிருந்து கொள்ளுதல் முதலாவது. பெயரின் பொதுச்சொல் தரும் செய்தியை முதல் ஆட்சியிலேயே தமிழில் விளக்குதல் இரண்டாவது. மூன்றாவது, சாரல், அடுக்கம், விடர், முகடு, ஓங்கல், சுரம் எனத் தமிழ் தன்னகத்தே கொண்டுள்ள மலைச்சொற்களைப் பொருள் வரையறையோடு மீண்டும் புழக்கத்திற்குக் கொணர்தல். ஆனைமலை, பழனிமலை, பொதிகைப் பகுதிகளில் வாழும் மக்களின் வழிச்சொற்களைக் களப்பணி வழியே தொகுத்து, மராத்தி, கன்னட, மலையாளச் சொற்களோடு ஒப்பிடும் மலைச்சொல்லகராதி ஒன்று உருவாகுமாயின், அது அகராதியியலுக்கும் மலையில் நடப்போர்க்கும் ஒருங்கே பயன்படும்.